பெரிய வேலை செய்த பிறகும் கார் நிற்கிறதா?
பழைய வாகனத்தின் தீராத எஞ்சின் பழுதைக் கண்டறியும் வழிகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் போன்ற கார்களைப் பழைய இரும்பு என்று யாரும் ஒதுக்கிவிடுவதில்லை. எழுபது வயதான கார்கூட இங்கு ஒரு குடும்பத்தின் உழைப்பாளியாக இருக்கிறது. வெங்காயமும் பீற்றூட்டும் சுன்னாகம் சந்தைக்கும் திருநெல்வேலிச் சந்தைக்கும் அதில்தான் போகின்றன. நடுச்சாமத்தில் பிள்ளைப்பேற்று வலி கண்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும் அதுதான். இலங்கையில் 2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோதும் வரியோடு சேர்ந்த விலை விவசாயியின் கைக்கு எட்டவில்லை. ஆகவே இருப்பதைத் திருத்தி ஓட்டுவதே நமக்கு வழி.

அந்தத் திருத்த வேலைதான் பல குடும்பங்களைக் கடனில் தள்ளுகிறது. ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து புத்தூரில் குத்தகைக் காணியில் தோட்டம் செய்யும் ஒரு குடும்பம். அவர்களிடம் ஒரு மொறிஸ் மைனர் இருக்கிறது. காலையில் முதல் இழுப்பிலேயே வெளிக்கிடும். இருபது நிமிடம் ஓடியதும் இழுவை குறையும்; குலுக்கும்; பின் நின்றுவிடும். கால் மணித்தியாலம் கழித்து ஒன்றும் நடவாததுபோல மறுபடியும் ஓடும். கராஜில் காட்டினார்கள். எஞ்சின் தேய்ந்துவிட்டது, இறக்கிப் பெரிய வேலை செய்ய வேண்டும் என்று சொன்னார்கள். மனைவியின் நகை அடைவுக்குப் போனது. புளொக் கடைந்து, புதிய பிஸ்ரனும் றிங்கும் போட்டு, ஹெட் மட்டம் பிடித்து, வால்வு அரைத்துப் பூட்டினார்கள். கார் வீட்டுக்கு வந்தது. மூன்றாம் நாள் வாதரவத்தை வெளியில், அதே இருபதாவது நிமிடத்தில், அதேபோல நின்றது.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் அல்ல. பெரிய வேலை செய்த பின்னும் தீராத பழுது என்பது பழைய வாகனம் வைத்திருக்கும் பலருக்கும் நேர்ந்த துன்பம். அப்படியான நிலையில் அடுத்த பணத்தைக் கொடுக்க முன் நீங்கள் செய்யக்கூடிய சோதனைகளை இக்கட்டுரை விளக்குகிறது. நீங்கள் மெக்கானிக்காக வேண்டியதில்லை. தோட்டத்தில் நீரிறைக்கும் இயந்திரத்தை இயக்கத் தெரிந்தவருக்கு இவை அனைத்தும் விளங்கும்.

இறைப்பு இயந்திரம் கற்றுத்தந்த பாடம்

மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு இயந்திரத்தை நீங்கள் எப்படி இயக்குகிறீர்கள்? முதலில் பெற்றோலில் வெளிக்கிடச் செய்கிறீர்கள். சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்குத் திருப்புகிறீர்கள். நிறுத்துவதற்குச் சற்று முன் மறுபடியும் பெற்றோலுக்குத் திருப்புகிறீர்கள். அப்போதுதான் அடுத்த நாள் கார்பரேற்றரில் பெற்றோல் நிற்கும். இதன் காரணம் எளிது. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. ஆவியாகாத எரிபொருள் பற்றாது.

1990ஆம் ஆண்டு யுத்தம் மீண்டும் மூண்டு, குடாநாட்டுக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டபோது, இதே பாடத்தைத்தான் நமது மெக்கானிக்குகள் காருக்குப் பயன்படுத்தினார்கள். சில துளி பெற்றோலைக் கார்பரேற்றரில் விட்டு எஞ்சினை வெளிக்கிடச் செய்து, பின் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பழைய ஆங்கிலக் கார்களின் அமுக்க விகிதம் குறைவானபடியால் அவை இதைத் தாங்கின. இங்கிலாந்திலும் 1940களின் கடைசியிலும் 1950களிலும் பேர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை, பெற்றோலில் வெளிக்கிட்டு மண்ணெண்ணெய் போன்ற மலிவு எரிபொருளில் வயல் உழுதது. ஆகவே நம்மவர் செய்தது வெறும் கைவேலை அல்ல. நல்ல இயந்திர அறிவும் அதில் இருந்தது.

ஆனால் மண்ணெண்ணெய் தன் அடையாளத்தை விட்டுத்தான் சென்றது. முழுவதும் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வழியாகக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். அதனால் பெயாரிங்குகள் தேயும். கரி வால்விலும் பிளக்கிலும் படியும். சில கார்களில் கார்பரேற்றரின் ஜெற்றும் ஊசியும் மண்ணெண்ணெய்க்கு ஏற்ப மாற்றப்பட்டன. அந்த மாற்றம் இன்றும் அப்படியே இருந்தால், பெற்றோலில் கார் ஒழுங்காக ஓடாது. உங்கள் கார் அந்தக் காலத்தைக் கண்டதா என்பதை முதலில் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

எஞ்சின் கேட்பவை நான்கு

எந்தப் பெற்றோல் எஞ்சினுக்கும் நான்கு விடயங்கள் வேண்டும்.

1. சரியான அளவில் கலந்த எரிபொருளும் காற்றும்.
2. சரியான நேரத்தில் பலமான தீப்பொறி.
3. சிலிண்டருக்குள் போதிய அமுக்கம்.
4. மிஞ்சிய சூட்டை வெளியேற்றும் குளிர்ச்சி.

பெரிய வேலை என்பது இவற்றில் மூன்றாவதை மட்டுமே சீராக்குகிறது. புதிய பிஸ்ரனும் றிங்கும் அரைத்த வால்வும் அமுக்கத்தைக் கூட்டும். தீப்பொறியிலோ, பெற்றோல் வரவிலோ, ரேடியேற்றரிலோ உள்ள பழுதை அவை தீர்க்கமாட்டா. ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதற் கேள்வி இதுதான்: இந்தப் பழுது பெரிய வேலைக்கு முன்பே இருந்ததா, அல்லது அதன் பின்புதான் வந்ததா?

முன்பே இருந்து, பின்பும் அப்படியே இருந்தால், பழுது பெரும்பாலும் கை வைக்காத இடத்தில் இருக்கிறது: பெற்றோல் தாங்கி, குழாய், பம், கொயில், வயர், ரேடியேற்றர். பின்புதான் வந்ததென்றால், கை வைத்த இடத்தில் இருக்கிறது: ஹெட் கஸ்கெற், வால்வு இடைவெளி, டிஸ்ரிபியூற்றர் நேரம், மனிபோல்ட் கஸ்கெற், பிளக் வயர்களின் ஒழுங்கு. இந்த ஒரு கேள்வியே பாதி வேலையைக் குறைத்துவிடும்.

நின்ற இடத்திலேயே பாருங்கள்

ஓடி நிற்கும் காரை இழுத்து வந்து மறுநாள் காலை கராஜில் காட்டினால் ஒரு குறையும் தெரியாது. குளிர்ந்த எஞ்சின் நன்றாகவே ஓடும். காய்ச்சல் விட்ட பின் வைத்தியரிடம் போவது போன்றது அது. அப்போது மெக்கானிக் ஊகிக்கத்தான் வேண்டும். ஊகத்துக்கு நீங்கள் பணம் கொடுக்க வேண்டும்.

ஆகவே காரில் ஒரு பிளக் திறப்பு, ஒரு ஸ்க்ரூ டிரைவர், காய்ந்த துணி, ஒரு சிறு போத்தல் ஆகியவற்றை வைத்திருங்கள். கார் நின்றதும் ஓரமாகத் தள்ளி, இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் பின்வருவனவற்றை வரிசையாகப் பாருங்கள். பீடி, சிகரெற், விளக்கு எதுவும் அருகில் இருக்கக்கூடாது.

முதலாவது, பெற்றோல் தாங்கி மூடி. மூடியைத் திறக்கும்போது காற்றை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, திறந்து வைத்ததும் கார் ஓடத் தொடங்கினால், மூடியிலுள்ள காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது. அல்லது துளையில்லாத வேறு மூடி போடப்பட்டிருக்கிறது. பெற்றோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போகாவிட்டால் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகும். பம்மால் இழுக்க முடியாமல் போகும். இதைச் சரிசெய்யப் பெரும்பாலும் ஓர் ஊசியே போதும்.

இரண்டாவது, தீப்பொறி. ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு பொருத்தி, அதன் இரும்புப் பகுதி எஞ்சினில் முட்டும்படி காய்ந்த துணியால் பிடியுங்கள். பிளக் கழற்றிய துவாரத்துக்கு அருகில் பிடிக்காமல் தள்ளிப் பிடியுங்கள். பெற்றோல் ஆவி அதனூடாக வெளிவரும். ஒருவர் ஸ்ராட்டரைச் சுழற்றட்டும். நீல நிறமாகப் பலத்த சத்தத்தோடு பொறி வந்தால் நல்லது. மஞ்சளாக மெலிந்து வந்தால், அல்லது வராவிட்டால், போயின்ற், கண்டென்சர், கொயில் ஆகியவற்றில் பழுது. கண்டென்சரும் கொயிலும் சூடேறிய பின் மட்டும் பிழைக்கும் குணம் உள்ளவை. போயின்ற் முகம் அடிக்கடி கருகினால் கண்டென்சரையே முதலில் சந்தேகியுங்கள்.

மூன்றாவது, பெற்றோல் வரவு. பொறி நன்றாக இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். எஞ்சின் சூடு சற்று ஆறிய பின், கொயிலிலிருந்து டிஸ்ரிபியூற்றருக்குப் போகும் நடு வயரைக் கழற்றி, அதன் நுனி எஞ்சின் இரும்பில் முட்டும்படி வைத்துவிடுங்கள். அப்போது பொறி வெளியே பாயாது. பின் கார்பரேற்றருக்கு வரும் குழாயைக் கழற்றிப் போத்தலுக்குள் விடுங்கள். மொறிஸ் மைனரில் உள்ள மின்சாரப் பம் திறப்பைத் திருப்பியதும் டிக் டிக் என்று அடித்துப் பெற்றோலைத் தள்ளும். இயந்திரப் பம் உள்ள கார்களில் ஸ்ராட்டரைச் சுழற்றுங்கள். குமிழி இல்லாமல் ஒழுங்காகக் கொட்ட வேண்டும். தொடக்கத்தில் கொட்டிப் பின் மெலிந்து நின்றால் தாங்கிப் பக்கம் அடைப்பு. குமிழியோடு வந்தால் குழாயில் எங்கோ காற்று இழுக்கிறது. பம் மிக வேகமாக ஓயாது அடித்துக்கொண்டு பெற்றோல் வராவிட்டாலும் அதே காரணம்தான், அல்லது தாங்கி வெறுமை.

நான்காவது, சூடு. ரேடியேற்றர் கொதிக்கிறதா என்று சத்தத்தாலும் ஆவியாலும் அறியுங்கள். கொதிக்கும் ரேடியேற்றரின் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். முகமும் கையும் வெந்து போவீர்கள்.

இந்த நான்கையும் பார்த்து, கண்டதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எத்தனை மைல் ஓடியது, வெயிலா மழையா, சுமை இருந்ததா, நின்றபின் எத்தனை நிமிடத்தில் மறுபடி ஓடியது என்பவையும் வேண்டும். இந்தக் கொப்பியோடு போகும் உங்களை மெக்கானிக் வேறு விதமாகவே மதிப்பார்.

பெரிய வேலைக்குப் பின் வரும் பழுதுகள்

வெளிக்கிடாமல் கார்பரேற்றர் வழியே வெடித்தல்: டிஸ்ரிபியூற்றர் அரைச் சுற்று மாறிப் பூட்டப்பட்டிருக்கலாம். அல்லது பிளக் வயர்கள் மாறியிருக்கலாம். மொறிஸ் மைனரிலும் ஏ40இலும் பற்றும் ஒழுங்கு 1-3-4-2 ஆகும். ரேடியேற்றர் பக்கம் உள்ளது முதலாம் சிலிண்டர். மைனரில் றோட்டர் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். அந்தத் திசையிலேயே வயர்களை எண்ண வேண்டும்.

ஒரு சிலிண்டர் வேலை செய்யாமை: எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒவ்வொரு பிளக் வயராக நன்றாகக் காய்ந்த துணியால் அல்லது காப்பிட்ட குறட்டால் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது ஓட்டத்தில் மாற்றம் இல்லையோ அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. அந்தப் பிளக்கை இன்னொன்றுடன் மாற்றிப் பாருங்கள். குறை பிளக்கோடு போனால் பிளக் பழுது. அதே சிலிண்டரில் நின்றால் வயரோ வால்வோ காரணம். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து வேலை செய்யாவிட்டால் இரண்டுக்கும் நடுவில் ஹெட் கஸ்கெற் எரிந்திருக்கக்கூடும்.

மெதுவாக ஓடும்போது நின்றுவிடுதல்: மனிபோல்ட் கஸ்கெற் வழியாகக் காற்று உள்ளே இழுக்கப்படலாம். கலவை மெலிந்துவிடும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது இணைப்புகளைச் சுற்றிச் சவர்க்காரத் தண்ணீரைத் துளித்துளியாக விடுங்கள். ஓரிடத்தில் விடும்போது ஓட்டம் மாறினால் ஒழுக்கு அங்கேதான்.

இழுவை குறைதல்: வால்வு இடைவெளியைப் பாருங்கள். ஹெட் புதிதாகப் பூட்டினால் கஸ்கெற் அமுங்கி நட்டுகள் தளரும். ஆகவே சில நாள் ஓடியபின் நட்டுகளை மறுபடி இறுக்கி, வால்வு இடைவெளியை மீண்டும் வைக்க வேண்டும். பலர் இந்த இரண்டாவது வேலைக்குக் கராஜுக்குத் திரும்பிப் போவதில்லை. மொறிஸ் மைனர் 1000 எஞ்சினில் குளிர்ந்த நிலையில் இடைவெளி 0.012 அங்குலம். ஹெட் நட்டுகள் நடுவிலிருந்து வெளிப்புறமாக, சிறிது சிறிதாக, 40 அடி-இறாத்தல் அளவுக்கு, அளவு காட்டும் திறப்பினால் இறுக்கப்பட வேண்டும். கைக்கணக்கில் இறுக்கினால் ஹெட் வளையும். பிளக் இடைவெளி 0.025 அங்குலம், போயின்ற் இடைவெளி 0.015 அங்குலம். வேறு கார்களுக்கு அவற்றின் கைநூலில் உள்ள அளவே சரி; ஒன்றின் அளவை இன்னொன்றுக்கு வைக்க வேண்டாம்.

பொறி எப்போதும் மெலிந்திருத்தல்: பழைய ஆங்கிலக் கார்களில் பற்றரியின் நேர் முனையே உடம்போடு இணைக்கப்பட்டது. இன்றைய கார்களில் மறை முனை உடம்போடு இணைகிறது. பழக்கத்தில் புதிய முறைப்படி பூட்டிவிட்டு, கொயில் வயர்களை அப்படியே விட்டுவிட்டால் பொறி எதிராகப் பாய்ந்து வலுக்குறையும். நேர் முனை உடம்பில் உள்ள காரில் கொயிலின் நேர் முனை டிஸ்ரிபியூற்றருக்குப் போக வேண்டும். மறை முனை உடம்பில் உள்ள காரில் கொயிலின் மறை முனை போக வேண்டும். அத்தோடு, எஞ்சினை இறக்கி ஏற்றியபோது எஞ்சினுக்கும் உடம்புக்கும் இடையிலுள்ள தடித்த இணைப்பு வயரை மீண்டும் பூட்டினார்களா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் ஸ்ராட்டர் மெதுவாகச் சுற்றும்; பொறியும் குறையும்.

புகையின் நிறம்: நீலப் புகை ஒயில் எரிவதைக் காட்டும். புதிய றிங் படியும்வரை சில நூறு மைலுக்கு இது இருக்கலாம். அதன் பின்பும் குறையாவிட்டால் மெக்கானிக்கிடம் திரும்பிச் செல்லுங்கள். கறுப்புப் புகை பெற்றோல் அதிகம் என்பதைக் காட்டும். சோக், மிதவை, ஜெற் ஆகியவற்றைப் பாருங்கள். சூடேறிய பின்னும் நிற்காத வெள்ளைப் புகையும், ரேடியேற்றரில் தண்ணீர் குறைவதும், ஒயில் பால்போல் ஆவதும் கஸ்கெற் பழுதின் அடையாளங்கள்.

நமது தண்ணீரும் ரேடியேற்றரும்

குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். நமது கிணற்றுத் தண்ணீர் அதனூடாக ஊறி வருவது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே படிவு ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் எஞ்சின் புளொக்கின் தண்ணீர் வழிகளிலும் படிகிறது. முப்பது வருடக் கிணற்றுத் தண்ணீர் கண்ட எஞ்சினில் கடைசிச் சிலிண்டரைச் சுற்றி நீர்வழி பாதியாகக் குறைந்திருக்கக்கூடும். பிஸ்ரன் மாற்றி, புளொக்கின் நீர்வழியைக் கழுவாமல் பூட்டினால், புதிய பிஸ்ரன் பழைய சூட்டில் இறுகும். இதனாலேயே பெரிய வேலை செய்த எஞ்சின்கள் சில மாதத்தில் மீண்டும் கெடுகின்றன.

ஆகவே எஞ்சின் திறந்திருக்கும்போதே புளொக்கையும் ரேடியேற்றரையும் இரு திசையிலும் தண்ணீர் அடித்துக் கழுவச் சொல்லுங்கள். பூட்டிய பின் மழைத் தண்ணீரை ஊற்றுங்கள். மாரி காலத்தில் கூரையிலிருந்து விழும் நீரைச் சீலையால் வடித்து, சுத்தமான கான்களில் சேர்த்து வைத்தால் வருடம் முழுவதற்கும் போதும். கடையில் விற்கும் துருத்தடுப்பு மருந்தைச் சேர்ப்பது இன்னும் நல்லது. பான் பெல்ட்டின் தொய்வையும் பாருங்கள். தீப்பொறி நேரம் பிந்தினாலும் எஞ்சின் சூடேறும் என்பதை மறக்க வேண்டாம்.

அமுக்கச் சோதனை

பெரிய வேலை வேண்டுமா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் சோதனை இதுதான். கராஜுகளில் இதற்கான அளவுக் கருவி உண்டு. எஞ்சின் சூடாக இருக்க, எல்லாப் பிளக்கையும் கழற்றி, கொயிலின் நடு வயரை முன்சொன்னபடி எஞ்சினில் முட்ட வைத்து, அக்சிலேற்றரை முழுவதும் அமத்தி, ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். நான்கும் ஏறத்தாழ ஒரே அளவாக, பத்துக்கு ஒன்றுக்கு மேல் வித்தியாசம் இல்லாமல் இருந்தால் நல்லது. ஒன்று குறைந்தால் அதற்குள் ஒரு கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளக்கட்டும். அளவு கூடினால் றிங் தேய்வு. கூடாவிட்டால் வால்வோ கஸ்கெற்றோ காரணம். வால்வுக்காக ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். புளொக்கைக் கடைய வேண்டியதில்லை. இந்த வித்தியாசம் ஒரு நகையின் பெறுமதி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இலங்கையில் 2002ஆம் ஆண்டுமுதல் ஈயம் கலக்காத பெற்றோலே விற்கப்படுகிறது. பழைய இரும்பு ஹெட்டுகளில் வால்வு அமரும் இடத்தை முன்பு அந்த ஈயம் ஓரளவு காத்தது. பாரம் ஏற்றி நீண்ட தூரம் வேகமாக ஓடும் காரில் அந்த இடம் மெதுவாகத் தேய்ந்து, வால்வு இடைவெளி அடிக்கடி இறுகும். ஹெட்டைக் கழற்றும் வேளை வந்தால், வெளியேற்று வால்வுகளுக்குக் கடினமான வளையம் போடலாமா என்று கேளுங்கள். ஊருக்குள் மெதுவாக ஓடும் காருக்கு அவசரம் இல்லை.

மெக்கானிக்கிடம் போகும்போது

நமது மெக்கானிக்குகளை நாம் குறைத்து மதிப்பிடக்கூடாது. உதிரிப்பாகம் ஒன்றும் வராத காலத்தில் பழையதைக் கடைந்து புதியதாக்கியவர்கள் அவர்கள். ஆனால் நல்ல மெக்கானிக்குக்கும் நல்ல தகவல் வேண்டும். அத்துடன் பணம் உங்களுடையது. ஆகவே:

1. வேலை தொடங்க முன் அமுக்கச் சோதனையின் நான்கு அளவுகளையும் எழுதி வாங்குங்கள். வேலை முடிந்த பின்னும் அளந்து எழுதி வாங்குங்கள்.
2. என்ன பாகம், என்ன கூலி என்று எழுத்தில் கேளுங்கள். தொகையைப் பகுதி பகுதியாகக் கொடுங்கள்.
3. கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள்.
4. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். கொயிலையும் கார்பரேற்றரையும் பம்மையும் ஒன்றாக மாற்றினால், பழுது தீர்ந்தாலும் எது காரணம் என்று தெரியாது. தீராவிட்டால் மூன்று பாகத்தின் காசும் வீண்.
5. பழுது எத்தனை நிமிடத்தில் வருமோ அத்தனை நிமிடம் மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு ஓடிப் பாருங்கள். அதன் பிறகே மிகுதிப் பணத்தைக் கொடுங்கள்.

புதிய எஞ்சினைப் பழக்குதல்

பிஸ்ரன் மாற்றிய எஞ்சின் முதல் 500 மைல்வரை, அதாவது 800 கிலோமீற்றர்வரை, இளம் கன்று போன்றது. பாரம் ஏற்றாதீர்கள். மணிக்கு 60 கிலோமீற்றருக்கு மேல் ஓடாதீர்கள். உயர் கியரில் எஞ்சின் திணறும்படியும் விடாதீர்கள். நின்ற இடத்தில் நீண்ட நேரம் ஓடவிடவும் வேண்டாம். 500 மைல் ஆனதும் ஒயிலை மாற்றி, ஹெட் நட்டுகளையும் வால்வுகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் கிழமையே ஒரு மூடை கிழங்குக்கு மேல் ஒரு மூடை ஏற்றி ஹயர் ஓடினால், செலவழித்த பணம் புகையாகப் போகும்.

அந்த மொறிஸ் மைனர்

நாம் தொடக்கத்தில் சொன்ன உதாரணத்துக்கு வருவோம். பழுது பெரிய வேலைக்கு முன்பும் இருந்தது, பின்பும் இருக்கிறது. ஆகவே கை வைக்காத இடத்தைத் தேட வேண்டும். நின்ற இடத்தில் பார்த்தால் பொறி நீலமாக வருகிறது. ரேடியேற்றர் கொதிக்கவில்லை. தாங்கி மூடியில் சத்தம் இல்லை. போத்தலில் பெற்றோல் தொடக்கத்தில் கொட்டிப் பின் சொட்டாகிறது. பத்து நிமிடம் கழித்து மறுபடி கொட்டுகிறது.

காரணம் தாங்கிக்குள். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் மக்கள் ஒரே இரவில் வெளியேறியபோது எத்தனையோ வாகனங்கள் கொட்டில்களில் நின்றன. மரத்தின் கீழும் நின்றன. வெறுமையாக நிற்கும் தாங்கி உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும். பின் பெற்றோல் நிரப்பி ஓடும்போது அந்தத் துரு உரிந்து உறிஞ்சு குழாயின் வாயில் போய் ஒட்டும். பெற்றோல் வரத்து நிற்கும், கார் நிற்கும். இழுவை நின்றதும் துரு கீழே விழும். கார் மறுபடி ஓடும். இருபது நிமிடக் கணக்கின் இரகசியம் இதுதான். தாங்கியைக் கழற்றி, கூழாங்கல்லும் தண்ணீரும் இட்டுக் குலுக்கிக் கழுவி, நன்றாக உலர்த்தி, பம்முக்கு முன் ஒரு வடி பூட்டினால் பழுது தீரும். ஒரு நாள் வேலை. தாங்கியை ஒருபோதும் வீட்டில் வெல்டிங் செய்ய முயல வேண்டாம். வெறுமையான தாங்கியில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும்.

இந்த ஒரு நாள் வேலை முதலில் நடந்திருந்தால் அந்த நகை அடைவுக்குப் போயிருக்காது. எஞ்சின் வேலையும் முற்றாக வீணல்ல, அது என்றோ தேவைப்பட்டிருக்கும் என்று ஒருவர் ஆறுதல் சொல்லலாம். ஆனால் குத்தகைக் காணியில் அடுத்த போகத்துக்கு விதைவெங்காயம் வாங்க வேண்டிய பணத்தை இன்று செலவழிப்பதற்கும் என்றோ செலவழிப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் இருந்து கணக்குப் பார்ப்பதைப் பற்றி இயேசு ஒரு உவமை சொன்னார். அது கோபுரத்துக்கு மட்டும் அல்ல. காணி விடுபட்டுத் திரும்பியவர்களும், இன்னும் காத்திருப்பவர்களும், இருக்கும் சிறு பொருளைக் காத்துக்கொண்டே மீண்டும் எழ வேண்டியிருக்கிறது. ஆகவே அடுத்த முறை கார் நின்றால் கலங்காமல் ஓரமாகத் தள்ளுங்கள். தாங்கி மூடி, பொறி, பெற்றோல், சூடு என்று வரிசையாகப் பாருங்கள். கொப்பியில் எழுதுங்கள். அயலவரின் கார் நின்றாலும் இறங்கி அவருக்கும் இதைக் காட்டிக்கொடுங்கள். அதன் பின் கராஜுக்குப் போகலாம்.